வயசான மிஷனரி தம்பதி கானாவுல தினமும் என்னதான் பண்ணுவாங்க?

கேள்வி கேட்ட தம்பி சால்ட் லேக் சிட்டில வேலை பாக்கறார். அவரோட ஹவுஸ் ஓனரும் ஓனரம்மாவும் ரிட்டயர் ஆனவங்க, அறுபத்தஞ்சு தாண்டியாச்சு, இப்ப மார்மன் சபைல இருந்து, அதாவது அந்த ஊரையே தலைமையிடமா வச்ச அமெரிக்க கிறிஸ்தவ சபைல இருந்து, ஒன்றரை வருஷத்துக்கு கானாவுக்கு மிஷனரியா போறாங்களாம். இந்த வயசுல அந்த வெயில்ல வீடு வீடா கதவைத் தட்டுவாங்களா, யார் சம்பளம் குடுப்பாங்க, உடம்புக்கு முடியாம போனா என்ன கதி, ஒரு நாள் பொழுது எப்படித்தான் போகும்னு கேட்டிருக்கார். நான் அந்த சபைக்காரன் இல்ல, டெமா துறைமுகம் பக்கம் வேலை, குடும்பத்தோட கானா தலைநகர் அக்ரால இருக்கேன். எங்க காம்பவுண்ட்ல இவங்களுக்குன்னு எப்பவும் ஒண்ணு ரெண்டு ஃபிளாட் இருக்கும், ஒரு ஜோடி ஊருக்குக் கிளம்பினா அடுத்த ஜோடி பெட்டியோட வந்து இறங்கிடும். தண்ணி, கரண்ட், ஜெனரேட்டர்னு ஒரே காம்பவுண்ட்ல கஷ்டப்படறவங்க சீக்கிரம் பழகிடுவோம்ல, அப்படி பாத்ததும் கேட்டதும்தான் இது. கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல கதவு தட்டற விஷயம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ் போட்டுட்டு ரெண்டு ரெண்டு பேரா நடந்து போற பசங்களைப் பாத்திருப்பீங்க, அந்த வேலை அவங்களுது. 2012ல இருந்து பசங்க 18 வயசுலயே கிளம்பிடறாங்க, பசங்களுக்கு ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கு ஒன்றரை வருஷம். வயசான தம்பதிக்கு அதே பேட்ஜ் உண்டு, எல்டர் இன்னார், சிஸ்டர் இன்னார்னு பேரும் உண்டு, ஆனா வீடு வீடா போய் பிரசங்கம் பண்ணணும்னு யாரும் எதிர்பாக்கறதில்ல. காலைல எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும், எத்தனை மணிக்குள்ள வீட்டுக்கு வரணும்ங்கற கெடுபிடியும் பசங்களுக்குத்தான். இவங்க 6 மாசத்துல இருந்து 23 மாசம் வரைக்கும் போகலாம், 18 மாசம் ரொம்ப சகஜம். எந்த ஊர் வேணும்னு விருப்பத்தைச் சொல்லலாம், ஆனா எங்கன்னு முடிவு பண்றது தலைமைதான். தாய்லாந்து கேட்டவங்களுக்கு கானா வந்த கதையெல்லாம் இங்க சகஜம்.

அப்ப என்ன வேலைன்னா, நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி ஹாஸ்டல் வார்டன் வேலை. ஒரு மிஷன்ல, அதாவது சபை பிரிச்சு வச்சிருக்கற ஒரு வட்டாரத்துல, நூறு பேருக்கு மேலயே சின்னப் பசங்க இருப்பாங்க, நைஜீரியா, சியரா லியோன், காங்கோ, உள்ளூர் கானா, அப்புறம் சால்ட் லேக் சிட்டி இருக்கற யூட்டா மாகாணத்துப் பசங்க. வீட்டை விட்டு முதல் தடவையா வெளிய வந்த பசங்க. அவங்களுக்கு வீடு பிடிக்கணும், கட்டில், கொசுவலை, தண்ணி ஃபில்டர், கேஸ் சிலிண்டர் வாங்கிப் போடணும், ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு இமிக்ரேஷன் ஆபீஸ்ல போய் நிக்கணும், வண்டிங்களை சர்வீஸ் விடணும், கணக்கு எழுதணும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பசங்களை ஊர் மாத்துவாங்க, ட்ரான்ஸ்ஃபர்னு சொல்வாங்க, அந்த வாரம் ஆபீஸ்ல இருக்கற தம்பதிக்கு சாப்பிடக்கூட நேரம் இருக்காது, யார் எந்த பஸ், யார் பெட்டி எங்க விட்டுப் போச்சு, யாரை ஏர்போர்ட்ல போய் கூட்டிட்டு வரணும்னு ஃபோன் ஓயாது.

வீடு பிடிக்கறதுன்னு சாதாரணமா சொல்லிட்டேன், அது பெரிய வதை. நம்ம சென்னைல பத்து மாச அட்வான்ஸ்னு புலம்புவோம், அதுவாவது திரும்பி வரும். இங்க ஓனருங்க ஒரு வருஷம், ரெண்டு வருஷ வாடகையை மொத்தமா முன்னாடியே கேப்பாங்க. 1963ல போட்ட வாடகைச் சட்டப்படி ஆறு மாசத்துக்கு மேல கேக்கக் கூடாது, அதை யாரும் கண்டுக்கறதில்ல. வாழ்நாள் முழுக்க அமெரிக்காவுல மாசாமாசம் செக் எழுதிப் பழகின மனுஷன் இங்க பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து ஓனரோட அண்ணன், மச்சான், குடும்பப் பெரியவர்னு நாலு பேரோட பேரம் பேசணும். நேரா விஷயத்துக்கு வரக் கூடாது, முதல்ல வந்தவருக்குத் தண்ணி குடுப்பாங்க, அப்புறம் பிரயாணம் எப்படி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிப்பு, அது முடிஞ்சுதான் பேச்சு. இந்தப் பழக்கம் நமக்குப் புரியும், அவங்களுக்குப் புரிய ரெண்டு மூணு மாசம் ஆகுது.

பசங்க வீட்டை எப்படி வச்சிருக்காங்கன்னு பாக்கற சோதனைக்கு ஒரு நாள் ஒரு தம்பதி கூட போயிருக்கேன், அவங்க வண்டி ரிப்பேர், என் வண்டில கூட்டிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. நாலு பசங்க இருக்கற ஃபிளாட். சிஸ்டர் கைல ஒரு பேப்பர், நேரா கிச்சனுக்குள்ள போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாங்க, என்னிக்கோ வச்ச ஜோலோஃப் சாதம் மேல பூசணம் பூத்துக் கிடந்தது, ஒண்ணும் சொல்லல, அந்தப் பையன் முகத்தையே பாத்தாங்க, அவன் தானா எடுத்துட்டுப் போய் குப்பைல கொட்டிட்டு வந்து பாத்திரத்தையும் தேய்ச்சான். அப்புறம் ஒவ்வொரு கட்டிலா கொசுவலையை விரிச்சு வெளிச்சத்துல காட்டி ஓட்டை இருக்கான்னு பாத்தாங்க, ஓட்டை இருந்த இடத்தை ஊசி நூலை எடுத்து அங்கயே தச்சாங்க. எல்டர் வெளிய பாலிடாங்க் பக்கத்துல நின்னு விரல் முட்டியால மேல இருந்து கீழ வரைக்கும் தட்டிட்டே வந்தார். பாலிடாங்க்னா நம்ம ஊர் சின்டெக்ஸ்தான், கறுப்பு டாங்க். சத்தம் மாறற இடத்துல தண்ணி மட்டம். பாதிக்கும் கீழ. பைப் தண்ணி வராத நாள்ல லாரி தண்ணிக்கு யாரைக் கூப்பிடணும்னு நம்பரை சுவத்துல ஒட்டிட்டு வந்தார். கிளம்பறப்ப கார்ல இருந்து வாழைப்பழ கேக் ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க சிஸ்டர். பசங்க அதுக்காகவே வீட்டைக் கொஞ்சமாவது கூட்டி வைப்பாங்கன்னு அவங்களே சிரிச்சுட்டே சொன்னாங்க.

எல்லாருக்கும் இதே வேலைன்னு இல்ல. ஓனரம்மா நர்ஸா இருந்தவங்கன்னா அவ்வளவுதான், ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் வரும், காய்ச்சல், வயித்தாலடி, கட்டி. காய்ச்சல்னா முதல்ல மலேரியாவான்னு பாக்கணும், விரல்ல குத்திப் பாக்கற கிட் இருக்கு, மலேரியான்னா கோஆர்டெம் மாத்திரை, அது இங்க எல்லா மருந்துக்கடைலயும் கிடைக்கும். ரிட்டயர் ஆன டாக்டர்கள் அக்ரால உக்காந்து சுத்துப்பட்டு நாலஞ்சு நாட்டு பசங்களோட உடம்பையும் பாத்துக்கறாங்க. இன்னும் சிலர் சபையோட நிவாரண வேலை, போர்வெல் போடறது, வீல்சேர் குடுக்கறது, பொறந்த குழந்தை மூச்சு விடலன்னா என்ன பண்ணணும்னு நர்ஸுங்களுக்குப் பயிற்சி ஏற்பாடு பண்றது. கோயில் வேலைக்குன்னே வர்றவங்களும் உண்டு, வாராவாரம் கூடற சபைக் கட்டடம் வேற, கோயில்ங்கறது விசேஷச் சடங்குகளுக்கு, அக்ரால இண்டிபெண்டன்ஸ் அவென்யூல அவங்க கோயில் இருக்கு, 2004 ஜனவரில திறந்தது.

எனக்குப் பிடிச்ச வேலை ஒண்ணு இருக்கு, கீபோர்ட் கிளாஸ். உள்ளூர்ல நிறைய சபைல பாட்டு பாட ஆள் இருக்கும், என்ன குரல்ங்க ஒவ்வொருத்தருக்கும், ஆனா வாசிக்க ஆள் இருக்காது. ஒரு சிஸ்டர் வாரம் ரெண்டு நாள் சாயந்தரம் சின்னச் சின்ன கீபோர்டுங்களை மேஜைல வரிசையா வச்சு சொல்லிக் குடுப்பாங்க, கரண்ட் போனா பாட்டரி. பத்து வயசுப் பையன்ல இருந்து மீன் விக்கற அம்மா வரைக்கும் வருவாங்க. அக்ராவை விட்டு உள்ள தள்ளி இருக்கற ஊர்களுக்கு அனுப்பற தம்பதிங்களுக்கு இந்த மாதிரிதான், வருகைப் பதிவு எப்படி எழுதறது, காணிக்கைக் கணக்கை ரெண்டு பேர் சேர்ந்து எப்படி எண்றதுன்னு சொல்லிக் குடுத்துட்டு பின் பெஞ்ச்ல உக்காந்துடணும். முன்னாடி போய் நடத்தக் கூடாது, பிஷப்பு, அதாவது ஒரு ஊர் சபையை நடத்தறவர், தலைவர் எல்லாம் உள்ளூர்க்காரங்கதான். நாற்பது வருஷம் ஆபீஸ்ல அதிகாரம் பண்ணினவருக்கு இதுதான் ரொம்ப கஷ்டமாம், வாயை மூடிட்டு இருக்கறது.

இதுல ஒரு சரித்திரம் இருக்கு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இந்த சபை முதல்ல அனுப்பினதே ரெண்டு வயசான தம்பதிங்களைத்தான், ரெண்டெல் மேபி தம்பதி, எட்வின் கேனன் தம்பதி, 1978 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி வரைக்கும் கறுப்பின ஆண்களுக்கு இந்த சபைல குருத்துவம், அதாவது சடங்கு நடத்தற உரிமை, கிடையாது, அந்த வருஷம் ஜூன்லதான் அந்தத் தடையை எடுத்தாங்க. ஆனா கானாவுல ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன்ங்கற மனுஷர் 1964லயே அவங்க வேதநூலான மார்மன் புத்தகத்தைப் படிச்சுட்டு, யாரும் அனுப்பாமலே, தானா சபை நடத்திட்டு இருந்தார். பதினாலு வருஷம் காத்திருந்தாங்க. டிசம்பர்ல கேப் கோஸ்ட் கடல்ல கூட்டமா ஞானஸ்நானம் நடந்தது. அப்புறம் 1989 ஜூன்ல கானா அரசாங்கம் சபையை மூடச் சொல்லி வெளிநாட்டு மிஷனரிங்களை வெளிய அனுப்பிடுச்சு, 1990 நவம்பர்லதான் மறுபடி விட்டாங்க. அந்த ஒன்றரை வருஷமும் உள்ளூர் ஆளுங்க வீட்டுக்குள்ளயே வழிபாட்டை நடத்தினாங்க. இதெல்லாம் தெரிஞ்சுட்டு வர்ற தம்பதி தன்னை ரொம்ப பெரிய ஆளா நினைச்சுக்க மாட்டாங்க. தெரியாம வர்றவங்க கொஞ்ச நாள் அட்வைஸ் பண்ணிட்டு அப்புறம் அடங்குவாங்க.

சம்பளம்லாம் கிடையாது. ஒரு பைசா கிடையாது. வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம் அவங்க பென்ஷன்ல, சேமிப்புல. 2011ல சபை ஒரு சலுகை குடுத்தது, வீட்டு வாடகை எவ்வளவு ஆனாலும் தம்பதி கைல இருந்து மாசம் 1,400 டாலருக்கு மேல கட்ட வேண்டாம்னு உச்சவரம்பு வச்சாங்க, அதே சமயத்துல வீட்டுல ஒரு முக்கியமான விசேஷம், துக்கம்னா சொந்த செலவுல ஒரு வாரம் பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வரலாம்னும் விட்டாங்க. மருத்துவம்தான் கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்க அரசாங்கத்தோட மெடிகேர் நாட்டை விட்டு வெளிய வந்தா பொதுவா செல்லாது, அதனால சீனியர் மிஷனரிங்களுக்குன்னே ஒரு மெடிக்கல் பிளான் இருக்கு, ப்ரீமியம் மாசாமாசம் இவங்கதான் கட்டணும். கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர் பாரம் நிரப்பணும், இதயம், சுகர், பல்லு எல்லாம் பாத்துட்டுதான் எந்த நாட்டுக்கு அனுப்பலாம்னே முடிவு பண்றாங்க.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும். விடியறதுக்கு முன்னாடியே சேவல், பள்ளிவாசல் பாங்கு, பக்கத்து சர்ச்ல ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணி முடிக்கற ஸ்பீக்கர் சத்தம், தூக்கம் தானா போயிடும். ரெண்டு பேரும் சேர்ந்து வேதம் படிப்பாங்க. மலேரியா மாத்திரை, தினமும் சாப்பாட்டோட. டீ, காபி அவங்க மதத்துல கிடையாது, இது தெரியாம எங்க வீட்டுல ஃபில்டர் காபி போட்டு வச்சு என் வீட்டுக்காரம்மாவுக்கு ஏமாற்றம், அப்புறம் மோர் குடுத்தோம், எல்டர் ரெண்டு டம்ளர் குடிச்சார், சிஸ்டர் ஒரு வாய் குடிச்சுட்டு கருவேப்பிலையை எடுத்து வச்சுட்டு யோசிச்சாங்க. எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புவாங்க, டிராஃபிக்ல ஒரு மணி நேரம். சிக்னல்ல தலைல கூடையை வச்சுட்டு ஓடி வர்றவங்ககிட்ட வாழைக்காய் சிப்ஸ், பாக்கெட் தண்ணி, டாய்லெட் ரோல் வரைக்கும் கார்ல இருந்தபடியே வாங்கலாம், வந்த புதுசுல கண்ணாடியை இறக்கவே பயப்படுவாங்க, ஆறு மாசத்துல பேரம் பேசுவாங்க. மத்தியானம் வாச்சே, தட்டப்பயறு மாதிரி பயறு போட்டு செவசெவன்னு ஆன சாதம், அதுல பழகிடுவாங்க. மரவள்ளியும் வாழைக்காயும் இடிச்சு உருட்டற ஃபுஃபு மட்டும் மெல்லாம விழுங்கணும்னு சொன்னதும் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டுடறாங்க.

சின்னப் பிள்ளைங்க தெருவுல பாத்தா ஓப்ரோனி, ஓப்ரோனின்னு கத்திட்டே ஓடி வரும், வெள்ளைக்காரங்கன்னு அர்த்தம், திட்டு இல்ல. பெரியவங்க மம்மி, டாடின்னு கூப்பிடுவாங்க. வயசுக்கு இங்க இருக்கற மரியாதை அமெரிக்காவுல கிடையாது, அதை இவங்களே சொல்லி நெகிழ்ந்திருக்காங்க. மார்க்கெட்ல மூட்டையைத் தூக்கவே விட மாட்டாங்க, யாராவது ஒரு பையன் ஓடி வந்து வாங்கிப்பான். இடது கையால எதையும் குடுக்கவோ வாங்கவோ கூடாது, அது நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம், அவங்களுக்குத்தான் மறந்து மறந்து போகும். சனிக்கிழமைன்னா சாவு வீடு, கறுப்பும் சிவப்பும் கட்டிட்டு பந்தல் போட்டு ஊரே கூடும், சபைல யார் வீட்டுல துக்கம்னாலும் இவங்க போயாகணும், போனா வரிசையா உக்காந்திருக்கற எல்லாருக்கும் வலது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு கை குடுத்துட்டே வரணும். ஞாயித்துக்கிழமை சபை ரெண்டு மணி நேரம், முன்னாடி மூணு மணி நேரமா இருந்ததை 2019ல குறைச்சாங்க. திங்கக்கிழமை துணி துவைக்க, மார்க்கெட் போக.

சாயந்தரம் கரண்ட் போகும். டும்சோர்னு இங்க பேரே வச்சிருக்காங்க. பிரீபெய்ட் மீட்டர்ல காசு தீர்ந்துச்சா இல்ல ஊருக்கே போச்சான்னு முதல்ல ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறது எல்லாருக்கும் பழக்கம். யூட்டா காஞ்ச ஊர், அங்க இருந்து வந்தவங்களுக்கு வெயிலை விட இந்தப் புழுக்கம்தான் தாங்காது. டிசம்பர், ஜனவரில ஹார்மட்டான் காத்து சகாரா புழுதியைக் கொண்டு வந்து கொட்டும், ஆஸ்துமா இருந்தா அதை முன்னாடியே சொல்லிடணும்.

கஷ்டம்னு நான் நினைக்கறது இதெல்லாம் இல்ல. ஒண்ணு, பணம். தெனமும் யாராவது ஒருத்தர் கேப்பாங்க, ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, டிரைசைக்கிள் வாங்க. சொந்தமா கைல எடுத்துக் குடுக்காதீங்க, கஷ்டப்படற குடும்பத்தை உள்ளூர் பிஷப் பாத்துப்பார்னு இவங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பறாங்க. நியாயமான சட்டம்தான், ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு அந்த சபைல யார் எதுக்கு வர்றாங்கன்னே தெரியாது. ஆனா கண்ணு முன்னாடி ஒரு பொண்ணு பரீட்சை ஃபீஸ் இல்லாம நிக்கறப்ப பர்ஸுல காசை வச்சுட்டு இல்லன்னு சொல்லணும். ஒரு சிஸ்டர் எங்க வீட்டு வராண்டாவுல உக்காந்து இதுக்காக அழுதிருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு யார் கட்டினாங்கன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, ரெண்டு பேரும் 24 மணி நேரமும் கூடவே இருக்கறது. மிஷனரின்னா எப்பவும் ஜோடியாத்தான் இருக்கணும், பசங்களுக்கு ஜோடி ஆறு வாரத்துல மாறலாம், இவங்களுக்கு மாறவே மாறாதுன்னு அவங்களுக்குள்ளயே கிண்டல் ஓடும். வேலைக்குப் போயிட்டு ராத்திரி மட்டும் வீட்டுக்கு வந்துட்டிருந்த மனுஷன் இப்ப ஒரே ஆபீஸ், ஒரே கார், ஒரே சின்ன ஃபிளாட். முதல் மூணு மாசம் காருக்குள்ள வழி சொல்றதுலயே சண்டை வரும், ஏன்னா ஓட்டறது அவர், மேப் பாக்கறது அவங்க. அப்புறம் ஒரு மாதிரி செட் ஆகிடுது. சில ஜோடிங்க இங்க வந்துதான் முதல் தடவையா நிறைய பேசினோம்னு சொல்றாங்க. சில ஜோடிங்க எண்ணி எண்ணி நாளை ஓட்டறாங்க, அதையும் பாத்திருக்கேன்.

பேரப்பிள்ளைங்க. யூட்டா இங்கேர்ந்து குளிர்காலத்துல ஏழு மணி நேரம், கோடைல ஆறு மணி நேரம் பின்னாடி. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வராண்டாவுல நெட் கிடைக்கற மூலைல ரெண்டு பேரும் ஃபோனை நீட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க, அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம், பிள்ளைங்க எல்லாம் மேஜைல இருக்கும். பொறந்த குழந்தையை வீடியோலதான் முதல்ல பாக்கறாங்க. சின்னப் பசங்களுக்கு வாராவாரம் வீட்டுக்குப் பேச 2019லதான் அனுமதி வந்தது, இவங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே அந்தத் தடை இவ்வளவு கெடுபிடியா இல்ல, அது இல்லன்னா பாதிப் பேர் வரவே மாட்டாங்க.

உங்க ஓனர்கிட்ட சொல்ல வேண்டியது. கோட் சூட் ஒண்ணுக்கு மேல வேண்டாம், பருத்திச் சட்டை போதும், ஓனரம்மாவுக்கு இங்க வந்து துணி எடுத்துத் தச்சுக்கலாம், டெய்லருங்க அருமையா தைப்பாங்க. படிக்கற கண்ணாடி ரெண்டு ஜோடி, தினசரி மாத்திரைங்க டாக்டர் சீட்டோட கைப்பைல. ரெண்டு பேருக்கும் நல்ல ரப்பர் சோல் செருப்பு, திறந்த சாக்கடை ஓரமாத்தான் நடை. எல்லாத்தையும் விட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் ஊசி, அந்த மஞ்சள் அட்டை இல்லாம கானாவுக்குள்ள விட மாட்டாங்க, போட்டு பத்து நாள் ஆனாத்தான் அட்டை செல்லும். அறுபது வயசுக்கு மேல முதல் தடவையா போடறவங்களுக்கு அந்த ஊசில பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் ஜாஸ்தி, அதனால கடைசி வாரத்துல ஓடிப் போய் போடாம இப்பவே டாக்டர்கிட்ட உக்காந்து பேசச் சொல்லுங்க.